கிரகணம் பார்க்கக் கப்பலேறுவோம்



முழுச் சூரிய கிரகணம் பார்ப்பதற்கு ஒரு கப்பல் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? இதுதான் இன்றைய தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை மறித்துக் கேட்டார்: "கிரகணம் எண்டால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ள இருக்கிறதுதானே தம்பி எங்கட வழக்கம்? நீர் சனத்தைக் கடலுக்குள்ள கூட்டிக்கொண்டு போகப் போறீரோ?" ஓம் ஐயா, அதைத்தான் செய்யப் போகிறேன்.

ஏன் கடல்? சந்திரனுடைய நிழல் பூமியின்மேல் ஒரு பட்டையாக ஓடுகிறது. அந்தப் பட்டையின் அகலம் பெரும்பாலும் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். உள்ளே நிற்பவருக்குத்தான் சூரியன் முழுவதும் மறையும்; வெளியே நிற்பவருக்குக் கடித்த அப்பளம் மாதிரி ஒரு சூரியன், அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பது வீதம் மறைந்தாலும் பகல் பகலாகவே இருக்கும். அந்தக் கடைசி ஒரு வீதமும் போனால்தான் வானம் இருள்கிறது, வெள்ளி தெரிகிறது, கறுத்த வட்டத்தைச் சுற்றி வெண்பட்டு விரிந்ததுபோல் கொரோனா தெரிகிறது. ஓர் ஊருக்கு அந்தக் காட்சி சராசரியாக முந்நூற்றெழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கும் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஊரில் இருந்தபடி காத்திருக்க யாரால் முடியும்? போகத்தான் வேண்டும். பூமியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். நிழல் கரை பார்த்து விழுவதில்லை. அதன் பாதையில் பெரும்பகுதி கடலில்தான் கிடக்கிறது. ஆகவே கப்பல்.

இது புதிய யோசனை என்று நினைக்கிறீர்களா? நாங்கள் கப்பலேறிப் போவதுதான் புதிது. எங்களைத் தேடி உலகம் கப்பலேறி வந்து நூற்றைம்பது ஆண்டு கடந்துவிட்டது.

1871 டிசெம்பர் 12. அன்று காலை நிழல் மலபார்க் கரையில் பேக்கல் கோட்டைப் பக்கம் ஏறியது. நீலகிரியையும் அவிநாசியையும் புதுக்கோட்டையையும் கடந்தது. பாக்கு நீரிணையைத் தாண்டியது. யாழ்ப்பாணத்துக்கு வந்தது. பிறகு திருகோணமலைப் பக்கமாக வங்கக் கடலில் இறங்கி ஜாவாவுக்குப் போனது. அந்த ஒரு காலைக்காக, இரண்டு நிமிடமும் சில விநாடியும் நீடிக்கும் இருளுக்காக, வானியலாளர் நோர்மன் லொக்கியர் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஒக்டோபர் 26ஆம் திகதி 'மிர்சாபூர்' என்ற நீராவிக் கப்பலில் புறப்பட்டது. சுயெஸ் கால்வாய் திறந்து அப்போது இரண்டு ஆண்டுதான். அந்த வழியாக வந்து காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். இறங்கியதும் குழுவைப் பிரித்தார்கள்: சிலர் பேக்கலுக்கு, சிலர் திருகோணமலைக்கு, சிலர் எங்கள் யாழ்ப்பாணத்துக்கு.

ஏன் பிரித்தார்கள்? இதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் மேகம் மூடினாலும் இன்னோரிடத்தில் வானம் திறந்திருக்கும் என்ற கணக்கு அது. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று எல்லோரும் ஒன்றாக ஏமாறக் கூடாது என்ற முன்யோசனை. டிசெம்பர் மாதம் இங்கே வாடைக் காலம். மழை எப்போது வரும், எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மாதத்தில் அன்று காலை யாழ்ப்பாணத்து வானம் திறந்துகொடுத்தது.

இங்கே நின்றவர்களில் இலங்கையின் நில அளவைத் தலைவர் ஃபையர்ஸ் இருந்தார். கப்டன் டப்மன் இருந்தார். கமெராவோடு கப்டன் ஹொக் இருந்தார். இந்த ஹொக்கைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். அந்தக் காலத்தில் படம் எடுப்பதென்றால் கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, அது ஓரமெல்லாம் ஒரே சீராகப் பரவும்படி தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கமெராவில் செருகி, படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். இவ்வளவையும் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், பல தகடுகளுக்குச் செய்தார்கள்; படம் பிடிக்கக் கிடைத்ததோ இரண்டு நிமிடக் கெடு. யாழ்ப்பாணத்தில் எடுத்த அந்தக் கொரோனாப் படங்களும் பேக்கலில் லிண்ட்சே பிரபுவின் ஆள் எடுத்த படங்களும், 1879இல் இலண்டன் அரச வானியற் கழகம் வெளியிட்ட பெருந்தொகுதியில் பக்கம் பக்கமாக ஆராயப்பட்டன. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி உண்டா? நான் கண்டதில்லை.

அதே நாள் நீலகிரியில் சோலூர் என்ற சிற்றூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நின்றார். கொரோனாவின் ஒளியில் சூரியனுக்குரிய கருங்கோடுகளைக் கண்டார். கொரோனா நமது காற்று செய்கிற மாயம் இல்லை, சூரியனையே சூழ்ந்த பொருள் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. அவிநாசியில் சென்னை வான்காணகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி நின்றார். வெள்ளைக்காரர் மட்டுமே வானம் பார்த்தார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, இவர்கள் 1871இல் வெற்றி கண்டார்கள். முந்திய ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? 1870 டிசெம்பர் 22ஆம் திகதிக் கிரகணத்துக்கு லொக்கியர் சிசிலித் தீவுக்குப் போனார். அவரை ஏற்றிச் சென்ற 'சைக்கி' என்ற கடற்படைக் கப்பல் தீவுக் கரையோரம் பாறையில் மோதியது. ஆட்கள் தப்பினார்கள், கருவிகளையும் கரைசேர்த்தார்கள். இவ்வளவு பாடுபட்டுப் போய்ப் பார்த்தால் வானத்தில் மேகம். ஜான்சன் கதை அதைவிட மேல். அப்போது பிரஷ்யப் படை பாரிஸ் நகரைச் சுற்றி வளைத்திருந்தது. ஆள் வெளியே போக முடியாது. மனிதர் தம் கருவிகளோடு பலூனில் ஏறி முற்றுகைக்கு மேலால் பறந்து வெளியே வந்தார்! வந்து, அல்ஜீரியாவில் ஓரான் நகரத்துக்குப் போனார். அங்கேயும் மேகம்.

கப்பல் உடைந்தவரும் மேகத்தால் தோற்றார், பலூனில் பறந்தவரும் மேகத்தால் தோற்றார். முற்றுகையை வென்ற மனிதரால் ஒரு மேகத் துண்டை வெல்ல முடியவில்லை. கிரகணப் பயணத்தின் திட்டம் எங்கே தொடங்க வேண்டும் என்று இப்போது விளங்குகிறதா? பயண முகவரின் விலைப்பட்டியலில் தொடங்கினால் பிழைத்துப்போகும். மேகத்தில் தொடங்க வேண்டும்.

எங்கள் நாட்டுக் கதையும் அதுதான். 1955 ஜூன் 20இல் நிழல் இலங்கையின் நடுப்பகுதியைக் கடந்தது. யாழ்ப்பாணம் பட்டைக்கு வெளியே. இருபதாம் நூற்றாண்டின் ஆக நீண்ட முழுக் கிரகணம் அது. ஹிங்குராக்கொடைப் பக்கம் வெளிநாட்டு அறிஞர்கள் வந்து கருவிகளைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தென்மேல் பருவ மேகம் அவர்களுக்குக் காட்சி கொடுக்கவில்லை. சனத்துக்கு அந்த நாளில் நினைவிருப்பது வேறு: கிரகண நேரத்தில் வசம்பு சேர்த்த மருந்து குடித்தால் நிறம் வெளுக்கும் என்று ஒரு கதை பரவி, குடித்தவர்கள் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று சொல்லுவார்கள்.   

கரையில் நிற்பவன் மேகத்திடம் தோற்கிறான். கப்பலில் நிற்பவன்? அவன் நகரலாம். 1972 ஜூலை 10ஆம் திகதி இதைச் செய்து காட்டினார்கள். டெட் பெடாஸ், ஃபில் சிக்லர் என்ற அமெரிக்க ஆசிரியர்கள் 'ஒலிம்பியா' என்ற பயணிகள் கப்பலை அமர்த்தி, எண்ணூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு நியூயோர்க்கிலிருந்து அத்திலாந்திக் கடலுக்குள் போனார்கள். கிரகணம் பார்ப்பதற்கென்றே பொதுமக்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாக் கப்பல்களுக்கு அதுதான் முன்னோடி. வானிலை தெரிந்தவர் சொன்ன திசையில் கப்பலை ஓட்டி மேகத்தில் ஒரு திறப்பைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு, 1973 ஜூன் 30இல், 'கன்பெரா' கப்பல் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போனது. சந்திரனில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் எழுத்தாளர் ஐசக் அசிமோவும் அதில் இருந்தார்கள். சந்திரன்மேல் நடந்தவர், அந்தச் சந்திரன் சூரியனை மறைப்பதைக் கப்பல் தட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார்!

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம்: கப்பல் நிழலைத் துரத்திக்கொண்டு போகுமோ? போகாது. நிழல் ஆக மெல்ல ஓடும்போதே மணிக்கு 1,700 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. நல்ல பயணிகள் கப்பல் 20 கடல்மைல் வேகத்தில் போனாலும் மணிக்கு 37 கிலோமீற்றர்தான். நிழலைத் துரத்த 1973இல் கொன்கோர்ட் விமானம் தேவைப்பட்டது. அது 74 நிமிடம் நிழலுக்குள் பறந்தது. கப்பலுக்கு அந்த வேலை இல்லை. முதல்நாள் இரவு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வடக்கே மேகம் என்றால் தெற்கே நூறு, இருநூறு கிலோமீற்றர் விலகி நிற்பதுதான் அதன் வேலை. ஒரே ராத்திரியில் அதைச் செய்யலாம். செய்ய விடுவார்களா என்பதுதான் கேள்வி.

ஆகவே சீட்டுப் பதியுமுன் கப்பல் கம்பனியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அறை எத்தனையாம் தட்டில், யன்னல் உண்டா, சாப்பாட்டுக்கு மரக்கறி உண்டா என்பதெல்லாம் பிறகு. "வானம் மூடினால் திசை மாற்றக் கப்பற் தலைவருக்கு அதிகாரம் உண்டா?" அடுத்தநாட் காலை ஏழு மணிக்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்ட கப்பல் விலகி ஓடாது. அது சுற்றுலாக் கப்பல். தற்செயலாகக் கிரகணப் பாதையில் போகிறது. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளாவது கடலில் வெறுமையாக விட்டிருக்கிற கப்பலைத் தெரிவுசெய்யுங்கள். பயணச் சிட்டையில் ஒன்றும் எழுதாமல் விட்ட அந்த நாளுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

கப்பலுக்கும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்ல லெ ஜென்ரி என்ற பிரெஞ்சு வானியலாளரை அழைக்க வேண்டும். அவர் வந்தது கிரகணத்துக்கு இல்லை, சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க. 1760இல் புதுச்சேரிக்கென்று கப்பலேறினார். வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1761 ஜூன் 6ஆம் திகதி, வெள்ளி கடக்கும் நாளில், அவர் நடுக்கடலில் நின்றார். வானம் துப்புரவாக இருந்தது. என்ன பயன்? ஆடுகிற தட்டில் தொலைநோக்கி நிற்குமா? நடுக்கடலில் இடமும் நேரமும் திருத்தமாகத் தெரியுமா? கண்ணால் கண்டதுதான் மிச்சம். அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை. இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1769இல் புதுச்சேரியில் வான்காணகமே கட்டி வைத்துக்கொண்டு நின்றார். அன்று காலை மேகம் மூடியது. பதினொரு ஆண்டு கழித்து வீடு போனால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நகர்ந்தால் கருவி ஆடும். நிலையாய் நின்றால் மேகம் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எதைத் தெரிவது? ஆராய்ச்சிக்குப் போகிறவர் கரையில் நிற்கட்டும். பார்க்கப் போகிற உங்களுக்கும் எனக்கும் கப்பலே நல்லது. பெரிய தொலைநோக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கழுத்தில் ஒரு சிறிய இருகண் தொலைநோக்கி போதும். சூரியன் பாதியாக இருக்கும்போது உரிய வடிகட்டி இல்லாமல் அதைக் கண்ணில் வைத்தீர்களோ, பார்வை போய்விடும். முழுதாக மறைந்த அந்த நிமிடங்களுக்கு மட்டும் வடிகட்டி வேண்டாம். ஒளி மீண்டும் ஒரு புள்ளியில் வெடித்ததும் உடனே கிரகணக் கண்ணாடியைப் போட வேண்டும். இந்தப் போடுவதையும் கழற்றுவதையும் பிள்ளைகளுக்கு முதல்நாளே தட்டில் நிறுத்திப் பழக்க வேண்டும்.

இன்னும் சில சங்கதி இருக்கிறது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுகிறவை. கப்பல் தட்டில் இருட்டினால் தானாக எரியும் விளக்குகள் உண்டு. கிரகணம் என்று விளக்குக்குத் தெரியுமா? இருட்டியவுடன் பளிச்சென்று எரிந்து காட்சியைக் கெடுத்துவிடும். முன்கூட்டியே கப்பல்காரரிடம் சொல்லி அணைக்க வேண்டும். புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, காற்று வருகிற பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். கப்பலைச் சூரியனுக்கு ஒரு பக்கம் காட்டி, ஆட்டம் குறையும்படி மெல்ல ஓட்டச் சொல்ல வேண்டும். கமெராக்காரர் பிளாஷை மறக்காமல் நிறுத்த வேண்டும். ஒலிபெருக்கியில் வர்ணனை வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்! கரையில் கிடைக்காத ஒன்று கடலில் கிடைக்கும்: மரமும் மதிலும் மறைக்காத வெளியில் மேற்குப் பக்கம் தண்ணீர் கறுத்துக்கொண்டு வருவது தெரியும். அது வந்து கப்பலை மூடியதும் அடிவானம் முழுவதும், நாலு திசையிலும், அந்தி வெளிச்சம் நிற்கும்.

நாளும் நேரமும் எப்படித் தெரியும் என்று கேட்டால், அதில் எங்கள் முன்னோர் சளைத்தவர்கள் இல்லை. சொன்னேனே லெ ஜென்ரி, அவர் புதுச்சேரியில் சும்மா இருக்கவில்லை. சோழியைத் தரையில் பரப்பி, வாக்கியங்களை மனத்திலிருந்து எடுத்து, எழுதாமலே கிரகணம் கணிக்கும் தமிழரைக் கண்டு அசந்துபோனார். 1765 ஆகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் பேர்பெற்ற மேயர் அட்டவணை 68 விநாடி கூடிவிட்டது என்று அவரே எழுதி வைத்தார். கேட்கப் பெருமையாக இருக்கிறதா? மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு எங்கள் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னது, வட்டுக்கோட்டைச் செமினறியின் டானியல் பூவர் வேறு நேரம் சொன்னார். தொடக்கத்தில் மட்டும் கால்மணி வித்தியாசம். ஊரே வாசலில் நின்று பார்த்தது. பூவரின் கணக்குச் சரியாயிற்று. தோற்ற கணக்கைத் திருத்துவதுதான் கணிதம். ரகுநாதாச்சாரி செய்ததும் அதுதான்; வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். இன்றைக்குக் கப்பல் எந்த இடத்தில் நின்றால் எத்தனை விநாடி இருள் என்று கைப்பேசியே சொல்லும்.

இனி, எந்தக் கிரகணத்துக்குப் போவது? 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஜிப்ரால்டர் நீரிணையிலிருந்து வட ஆபிரிக்கா வழியாக எகிப்துக்கு வந்து, செங்கடலைத் தாண்டி ஜித்தா, மக்கா, யேமன், சோமாலியா முனை என்று ஓடி இந்து சமுத்திரத்தில் முடிகிறது நிழல். பட்டையின் அகலம் 258 கிலோமீற்றர். எகிப்தில் லக்சர் நகரத்துப் பக்கம் 6 நிமிடம் 23 விநாடி இருள். ஆகஸ்டில் லக்சரில் மேகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று எங்களுக்கு ஆடி அமாவாசை, கீரிமலையில் தலை தோய்கிற நாள். வழமைப்படி அதே வாரத்தில் நல்லூரில் கொடி ஏறும். இலண்டனிலும் பாரிசிலும் இருந்து எப்படியும் நல்லூருக்கு வருகிற உறவுகள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு எழுதுங்கள்: வருகிற வழியில் எகிப்தில் இறங்கி ஒருக்கால் அண்ணாந்து பார்த்துவிட்டு வரட்டும்.

இங்கிருந்து கப்பலில் போனால்? எங்களுக்குக் கிட்டின கடல்வழி ஏடன், செங்கடல். மிர்சாபூர் எங்களிடம் வந்த அதே வழி. ஆனால் அண்மைய ஆண்டுகளில் அந்தக் கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதை நீங்கள் பத்திரிகையில் படித்திருக்கிறீர்கள். அரபிக் கடல் பக்கம் ஆகஸ்டில் பருவக்காற்றும் மேகமும். ஆகவே அந்தக் கிரகணத்துக்கு நான் கொழும்பிலிருந்து கப்பல் ஏறச் சொல்ல மாட்டேன். விமானத்தில் போய் லக்சரில் நில்லுங்கள், அல்லது மத்தியதரைக் கடலில் கப்பல் ஏறுங்கள். அடுத்தது 2028 ஜூலை 22, சனிக்கிழமை, அவுஸ்திரேலியா. சிட்னி நகரமே நிழலுக்குள் வருகிறது. சிட்னியில் மகனோ மகளோ இருக்கிற தாய்தகப்பன்மார் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பயணத்தை ஜூலை மாதத்துக்கு மாற்றினால் போதும். கப்பலே வேண்டாம்.

அப்படியானால் இவ்வளவு நேரம் கப்பல் கப்பல் என்று ஏன் கதைத்தேன்? 2031க்காகக் கதைத்தேன்.

2010 ஜனவரி 15இல், போர் முடிந்த மறு ஆண்டு, எங்கள் தலைக்கு மேல் வளையக் கிரகணம் வந்தது. 2019 டிசெம்பர் 26இல் இன்னொன்று. மூன்றாவது, 2031 மே 21. கேரளத்தில் ஏறி மதுரை, காரைக்குடி, வேதாரணியம் என்று வந்து பாக்கு நீரிணையையும் வட இலங்கையையும் கடக்கிறது. ஓர் இடத்துக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் எடுக்கிற காட்சி, எங்களுக்கு ஒரு தலைமுறைக்குள் மூன்று தடவை. இது முழுக் கிரகணம் இல்லை; சூரியனின் விளிம்பு மறையாமல் வளையமாக நிற்கும் கிரகணம். கண்ணாடியை ஒரு கணமும் கழற்றக் கூடாது. ஆனால் கப்பலில் நின்று கிரகணம் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. கப்பல் எங்கே என்கிறீர்களா? காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் 2023இலிருந்து பயணிகள் கப்பல் இடையிட்டாவது ஓடுகிறது. அதே ஆண்டு சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பலும் காங்கேசன்துறைக்கு வந்து போனது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்கக் கரைக்குப் போனது. அந்தத் தண்டையல்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு நடு நீரிணை தூரமா?

தூரம் இல்லை. எல்லைதான் தடை. மேகம் வடக்கே மூடினால் தெற்கே ஓடு என்று சொன்னேன். எங்கள் கடலில் அப்படி ஓட முடியுமா? 1974இல் கீறிய கோடு நடுவில் இருக்கிறது. அந்தக் கோட்டை வள்ளம் தாண்டினால் என்ன நடக்கும் என்று இரண்டு கரை மீனவருக்கும் தெரியும். ஆனால் கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு இரண்டு கரைச் சனமும் வள்ளங்களில் வந்து ஒரே தீவில் கூடுவதில்லையா? இரண்டு அரசும் அனுமதி கொடுப்பதில்லையா? அந்த ஒழுங்கையே ஒரு கிரகண நாளுக்கும் கேட்கலாம். காங்கேசன்துறையிலிருந்து ஒரு கப்பல், நாகபட்டினத்திலிருந்து ஒரு கப்பல், இரண்டிலும் மாணவர்கள், மேகம் எந்தப் பக்கம் இருந்தாலும் கோட்டின் இருபுறமும் விலகி நிற்க முன்கூட்டியே பெற்ற எழுத்து அனுமதி. சோளகம் எழும்புகிற மாதம், கடல் ஆடும். இஞ்சியும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோக வேண்டும். அனுமதி கேட்க வேண்டிய இடங்கள் பல: இரண்டு கடற்படை, இரண்டு துறைமுகம், இரண்டு வெளியுறவு அமைச்சு. கோப்பு மேசைக்கு மேசை நகரும் வேகம் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இப்போதே எழுதத் தொடங்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, முன்வரிசையில் இருக்கும் அதிபர்மாருக்கு. 2031 மே 21 புதன்கிழமை, பள்ளிக்கூட நாள். நண்பகலுக்குச் சற்றுப் பின்னேதான் வளையம் தெரியும். கடற்படை அனுமதி தந்தாலும் நீங்கள் லீவு தராவிட்டால் பிள்ளைகள் வகுப்புக்குள்தான் இருப்பார்கள். அன்றைக்குத் தவணைப் பரீட்சை வைத்துவிடாதீர்கள்.